எண்ணெய் யாருடையது என்று கேட்ட எழுதுவினைஞர்

2022 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததைப் புத்தளம் மாவட்டக் கரையோர மக்கள் இலகுவில் மறந்துவிடமாட்டார்கள். கனமூலை, மதுரங்குளி தொடக்கம் கற்பிட்டி வரையுள்ள சிறுமீனவர்களுக்கு மண்ணெண்ணெய் என்பது விளக்கெரிக்கும் பொருள் மட்டுமன்று. படகின் வெளியிணைப்பு இயந்திரத்தை ஓட்டுவதும் அதுவே. விலை உயர்வதற்கு முந்திய மாதங்களிலோ பணம் கொடுத்தாலும் எண்ணெய் கிடைக்கவில்லை. வெறுங்கலன்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்த நாட்கள் அவை. அந்தத் தட்டுப்பாட்டுக்கான காரணங்களுள் ஒன்று, கொழும்புக்கு அருகே சப்புகஸ்கந்தவில் அமைந்துள்ள நாட்டின் ஒரேயொரு எண்ணெய் சுத்திகரிப்பு நிலையம், மசகு எண்ணெய் வாங்க டொலர் இன்றி 2021 நவம்பரிலும் மீண்டும் 2022 மார்ச்சிலும் மூடப்பட்டமையாகும்.

அந்த நிலையத்தையும் அதனை நடத்தும் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தையும் பற்றிப் பேசாத நாளில்லை. நட்டத்தில் ஓடுகிறது, விற்றுவிட வேண்டும், விற்கவே கூடாது என்றெல்லாம் விவாதங்கள் நடைபெறுகின்றன. ஆனால் இந்தக் கூட்டுத்தாபனம் எப்படிப் பிறந்தது, அதனைப் பிறப்பித்தவர் யார், அவர் எதனைச் செய்து முடித்தார், எது முடியாமலே எஞ்சியது என்று கேட்பவர்கள் குறைவு. அவ்வினாக்களுக்கு விடை தேடும்போது ஒரு மனிதரின் வாழ்க்கையில் நாம் வந்து நிற்கிறோம். அவரே திக்கிரி பண்டார இலங்கரத்ன. டி. பி. இலங்கரத்ன என்றே நாடு அவரை அறியும்.

1913 ஆம் ஆண்டு பெப்ரவரி 27 ஆம் திகதி கண்டி மாவட்டத்தின் ஹத்தரலியத்தவில் பிறந்தவர் அவர். கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் கல்வி கற்றபின் அரசாங்க எழுதுவினைஞர் சேவையில் இணைந்தார். ஆங்கிலேயர் காலத்தில் ஓர் எழுதுவினைஞர் உத்தியோகம் என்பது நடுத்தரக் குடும்பங்களின் கனவு. மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் சமூகத்தில் ஓர் அந்தஸ்தும் அதனால் கிடைத்தன. அதற்கு ஈடாக அரசாங்கம் கேட்டது மௌனத்தை. அரச ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம். ஆயினும் அச்சங்கம் ஏனைய தொழிலாளர் அமைப்புகளோடு சேரவோ அரசியல் உரிமை கோரவோ கூடாது. இந்த மௌனத்தை ஏற்க மறுத்தவர்களுள் இலங்கரத்னவும் ஒருவர். அரசாங்க எழுதுவினைஞர் சேவைச் சங்கத்தின் தலைவராக அவர் உயர்ந்தார்.

சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டான 1947 இல் வெடித்த பொது வேலைநிறுத்தம் அவரது வாழ்வின் திசையை மாற்றியது. முழுமையான தொழிற்சங்க உரிமையையும் அரசியல் உரிமையையும் கோரி அரச ஊழியர்கள் பணியை நிறுத்தினர். ஜூன் 5 ஆம் திகதி கொலன்னாவப் பக்கமிருந்து புறப்பட்ட தொழிலாளர் ஊர்வலத்தின் மீது பொலிஸார் துப்பாக்கிப் பிரயோகம் செய்தனர். அதில் உயிரிழந்தவர் கந்தசாமி என்னும் தமிழ் எழுதுவினைஞர். சிங்களவர் தலைமை தாங்கிய ஒரு சங்கத்தின் போராட்டத்தில், சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் சேர்ந்து நடந்த ஓர் ஊர்வலத்தில், ஒரு தமிழர் உயிர் கொடுத்தார் என்பதை இத்தனை ஆண்டுகளின் பின்னர் நினைக்கும்போது நெஞ்சு கனக்கவே செய்கிறது. கொலன்னாவ, நாட்டின் எண்ணெய்த் தாங்கிகள் நிற்கும் இடமும் ஆகும். பிற்காலத்தில் அந்தத் தாங்கிகளின் உடைமையை மாற்றப்போகிறவர், அன்று வேலைநிறுத்தத்தின் தலைவர்களுள் ஒருவராக இருந்தார்.

வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. இலங்கரத்ன பதவி நீக்கப்பட்டார். உத்தியோகத்தை இழந்த எழுதுவினைஞரைக் கண்டி மக்கள் 1948 இடைத்தேர்தலில் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். தேர்தல் மனுவொன்றின் விளைவாக அந்த ஆசனத்தையும் அவர் இழக்க நேர்ந்தது. அப்போது அவரது துணைவியார் தமரா குமாரி 1949 இல் அதே தொகுதியில் போட்டியிட்டு வெற்றி பெற்றார். அடுத்தடுத்து விழுந்த அடிகளால் ஒதுங்கிவிடாமல் இலங்கரத்ன மீண்டும் பாராளுமன்றம் புகுந்தார். 1956 இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சியமைத்தபோது தொழில், வீடமைப்பு, சமூக சேவைகள் அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

அந்தப் பதவியில் இருந்து அவர் கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமே ஊழியர் சேமலாப நிதியாக இன்றும் வாழ்கிறது. அரச உத்தியோகத்தருக்கு ஓய்வூதியம் இருந்தது. தனியார் துறையில் உழைத்தவருக்கு முதுமையில் எதுவுமில்லை. அந்த இடைவெளியை இச்சட்டம் ஓரளவு நிரப்பியது. ஊழியரிடமிருந்து 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் என இந்நிதிக்குச் சேரும் பணம், புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர் முதல் கொழும்புக் கடையொன்றில் கணக்கெழுதியவர் வரை எத்தனையோ வீடுகளில் கூரையாகவும் மகளின் திருமணச் செலவாகவும் மாறியிருக்கிறது. அதனைக் கொண்டுவந்தவரின் பெயர் மட்டும் பலருக்கும் தெரியாது.

ஆனால் தமிழ் பேசும் மக்களாகிய நாம் இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் கடந்துவிட முடியாது. 1956 இல் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்த அரசாங்கமும் அதுவே. அந்தச் சட்டத்தின் பாரம் முதலில் விழுந்தது அரச அலுவலகங்களில் கோப்புகளோடு வாழ்ந்த தமிழ் எழுதுவினைஞர்களின் தோள்களிலேயே. ஒரே சங்கத்தில் நின்றவர்கள் பிரிந்தனர். சிங்களத் தேர்ச்சி பெறாமையால் 1962 இல் சம்பள உயர்வு மறுக்கப்பட்ட கோடீஸ்வரன் என்னும் அரசாங்க எழுதுவினைஞர், இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்று 1969 இறுதியில் வழக்காடும் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருந்தது. எழுதுவினைஞர் உரிமைக்காக வேலையை இழந்த ஒருவர், எழுதுவினைஞர்களின் ஒரு பகுதியினரை வருத்திய சட்டத்துக்குப் பொறுப்பான அமைச்சரவையில் அமர்ந்திருந்தார். அவருடைய சாதனைகளைப் போற்றும்போது இந்த முரணையும் சேர்த்தே எடைபோடுவதுதான் நேர்மை.

1960 ஜூலையில் சிறிமாவோ பண்டாரநாயக்க உலகின் முதல் பெண் பிரதமரானார். அந்த அமைச்சரவையில் கல்வி பதியுதீன் மஹ்மூதிடமும், வர்த்தகம், உணவு, கப்பற்றுறை ஆகியன இலங்கரத்னவிடமும் ஒப்படைக்கப்பட்டன. இவ்வாறு பொருள் கொண்டுவரும் கப்பலும் கப்பல் கொண்டுவரும் பொருளும் ஒரே மேசைக்கு வந்தன. அக்காலத்தில் இலங்கையின் எண்ணெய் வணிகம் முழுவதும் ஷெல், கல்டெக்ஸ், எஸ்ஸோ என்னும் மூன்று வெளிநாட்டு நிறுவனங்களின் கையில் இருந்தது. எங்கிருந்து வாங்குவது, என்ன விலைக்கு விற்பது என்பவற்றை அந்நிறுவனங்களே தீர்மானித்தன. தேயிலையும் றப்பரும் தெங்கும் விற்றுச் சேர்த்த அந்நியச் செலாவணியில் ஒரு பகுதி இவ்வாறு கேள்வியின்றி வெளியேறியது.

எழுதுவினைஞராக இருந்தவருக்குக் கணக்குப் பார்க்கத் தெரிந்திருந்தது. குறைந்த விலைக்கு எண்ணெய் தர சோவியத் ஒன்றியமும் ருமேனியாவும் எகிப்தும் ஆயத்தமாக இருந்தன. 1961 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் உருவாயிற்று. அதே ஆண்டில் மக்கள் வங்கிக்கும் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்துக்குமான சட்டங்களும் நிறைவேறின. 1962 இல் வெளிநாட்டு நிறுவனங்களின் எரிபொருள் நிலையங்களிலும் களஞ்சியங்களிலும் ஒரு பகுதி கூட்டுத்தாபனத்துக்காகப் பொறுப்பேற்கப்பட்டது. முதலில் கூட்டுத்தாபனமும் கம்பனிகளும் அருகருகே விற்றன. 1964 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து உள்நாட்டு விநியோகம் முழுவதும் கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையாயிற்று.

இதற்கான விலையை நாடு உடனடியாகவே கொடுத்தது. பொறுப்பேற்ற சொத்துக்களுக்கு உரிய நட்டஈடு வழங்கப்படவில்லை எனக் கூறி 1963 பெப்ரவரியில் ஐக்கிய அமெரிக்கா இலங்கைக்கான உதவியை நிறுத்தியது. அமெரிக்க நிறுவனங்களின் சொத்தைக் கையகப்படுத்தும் நாடுகளுக்கு உதவியை மறுக்கும் அந்நாட்டுச் சட்டவிதி முதன்முதலில் பிரயோகிக்கப்பட்டது நமது சிறிய தீவின் மீதுதான். 1965 இல் ஆட்சிக்கு வந்த டட்லி சேனநாயக்க அரசாங்கம் நட்டஈட்டுப் பிரச்சினையைத் தீர்த்த பின்னரே உதவி மீண்டும் கிடைத்தது. நட்டஈட்டை முன்கூட்டியே பேசி முடித்திருந்தால் இந்த இடரைத் தவிர்த்திருக்கலாம் என வாதிடுவோரின் கூற்றிலும் நியாயமுண்டு. ஆயினும் நட்டஈட்டைக் கொடுத்த அரசாங்கமும் எண்ணெயைக் கம்பனிகளிடம் திருப்பிக் கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

எண்ணெயை விற்பது ஒன்று. அதனைச் சுத்திகரிப்பது வேறொன்று. பெற்றோலையும் டீசலையும் ஆயத்தநிலையில் வாங்கும் நாடு, சுத்திகரிப்பின் இலாபத்தையும் பிறருக்கே கொடுக்கிறது. மசகு எண்ணெயாக வாங்கி இங்கேயே பிரித்தெடுத்தால் அந்த இலாபம் நாட்டில் தங்கும். இத்தாலியின் ஸ்னாம்புரோஜெட்டி நிறுவனம் அமைத்த சப்புகஸ்கந்த நிலையம் நாளொன்றுக்கு 38,000 பீப்பாய் கொள்ளளவோடு 1969 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கியபோது இலங்கரத்ன அமைச்சராக இருக்கவில்லை. எதிரணி ஆட்சியின் காலத்தில், அவர் வைத்த அடித்தளத்தின் மேல் அது எழுந்தது. பின்னர் அதன் கொள்ளளவு 50,000 பீப்பாய் வரை உயர்த்தப்பட்டது. கட்சி மாறினாலும் நாட்டின் தேவை மாறாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இங்கே சுத்திகரிப்பு என்னும் தொழிலைப் பற்றிச் சிறிது விளக்குவது அவசியமாகிறது. நமது பகுதியில் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்போர், சட்டியின் அடியில் கசடு தங்குவதை அறிவர். மசகு எண்ணெயும் ஏறக்குறைய அப்படியே. அதனை 350 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி உயர்ந்த கோபுரமொன்றுக்குள் செலுத்தும்போது, இலேசான வாயுவும் பெற்றோலும் மேல்தட்டுகளிலும், மண்ணெண்ணெயும் டீசலும் இடைத்தட்டுகளிலும் பிரிந்து சேர்கின்றன. ஆவியாகாத கரிய, தடித்த பகுதி அடியில் எஞ்சுகிறது. மசகு எண்ணெயின் தன்மைக்கேற்ப மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை இவ்வாறு எஞ்சக்கூடும். மசகு எண்ணெயில் இருக்கும் கந்தகத்தின் பெரும்பகுதியும் வனேடியம், நிக்கல் போன்ற உலோகங்களும் வந்து தங்குவது இந்த அடிக்கசடில்தான்.

இந்தக் கசடின் ஒரு பகுதி வீதிக்கான தாராகிறது. ஏனையது உலை எண்ணெய் என்னும் பெயரில் மின்நிலையங்களுக்கும் ஆலைகளுக்கும் கப்பல்களுக்கும் போகிறது. கப்பல்கள் நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாறிய காலந்தொட்டு, உலகின் சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கடலே பெரிய குப்பைத் தொட்டியாயிற்று. தரையில் எரிக்கத் தகாதது, கண்காணாத நடுக்கடலில் எரிந்தது. திருகோணமலை சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய ஏறத்தாழ நூறு தாங்கிகளும் அவர்களது கடற்படைக் கப்பல்களுக்கான எண்ணெயைச் சேமிக்கவே எழுந்தன. 1957 இல் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. தாங்கிகளும் பின்னர் நாட்டின் உடைமையாயின. ஆனால் பல்லாண்டுகள் அவற்றிற் பெரும்பாலானவை காடு மூடிக் கிடந்தன. 2022 ஜனவரியில் இந்திய நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் 61 தாங்கிகள் கூட்டு முயற்சிக்கும், 24 கூட்டுத்தாபனத்துக்கும், 14 அந்த நிறுவனத்துக்கும் எனப் பிரிக்கப்பட்டன.

இலங்கரத்ன கொண்டுவந்த தனியுரிமை உள்நாட்டு விநியோகத்துக்கே உரியது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு எண்ணெய் ஊற்றும் வணிகம் அதற்குள் அடங்கவில்லை. அது சில ஆண்டுகள் வெளிநாட்டு நிறுவனங்களிடமே இருந்தது. கப்பலுக்கு ஊற்றப்படும் எண்ணெயின் தரத்தைப் பற்றியோ அது எழுப்பும் புகையைப் பற்றியோ அக்காலத்தில் எவரும் கேள்வி எழுப்பவில்லை. அதற்காக அவரைக் குறை கூற முடியாது. அமிலமழை பற்றியும் கந்தகப் புகையால் வரும் சுவாச நோய்கள் பற்றியும் உலகம் விழித்துக்கொண்டது பின்னரே.

1970 இல் மீண்டும் அமைச்சரான இலங்கரத்ன, உள்நாட்டு, வெளிநாட்டு வர்த்தகத்தைப் பொறுப்பேற்றார். அந்த ஏழு ஆண்டுகளே அவருக்குக் கடினமான சோதனையாயின. 1973 ஒக்டோபர் போரைத் தொடர்ந்து அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியபோது, சில மாதங்களுக்குள் மசகு எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. உலகெங்கும் உணவு விலைகளும் ஏறின. பாணுக்கும் சீனிக்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். எண்ணெய் விற்பனை நமதாயிற்று, சுத்திகரிப்பும் நமதாயிற்று. எண்ணெய்க் கிணறு நமதன்று என்னும் உண்மை அப்போது சுட்டது. வரிசைகளில் நின்ற மக்கள் வர்த்தக அமைச்சரையே முதலில் நினைத்தனர். 1977 பொதுத்தேர்தலில் அவரது கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கியபோது அவரும் தோல்வியுற்றார்.

அதன்பின் அவர் எடுத்த ஒரு முடிவு தமிழ் வாசகர்களின் கவனத்துக்குரியது. 1984 இல் விஜய குமாரதுங்கவும் சந்திரிகாவும் ஸ்ரீலங்கா மஹாஜனக் கட்சியைத் தொடங்கியபோது, தமது எழுபதாவது வயதைக் கடந்திருந்த இலங்கரத்ன அதன் தலைமையில் மூத்தவராக இணைந்துகொண்டார். 1983 ஜூலையின் தீ அடங்காத காலம் அது. இனப்பிரச்சினைக்கு அதிகாரப் பகிர்வே தீர்வு என்று தென்னிலங்கையில் துணிந்து சொன்ன மிகச் சில கட்சிகளுள் அதுவும் ஒன்று. 1956 இன் முரணை இது அழித்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் கந்தசாமியோடு ஒரே சங்கத்தில் நின்ற மனிதர், வாழ்வின் மாலையில் அந்தப் பழைய பாதையின் பக்கம் திரும்பியதாகவே நமக்குத் தோன்றுகிறது.

அரசியலுக்கு அப்பால் அவர் ஓர் எழுத்தாளர், நாடகக் கலைஞர். செல்வக் குடும்பத்துச் சிறுவன் ஒருவனும் ஏழைச் சிறுவன் ஒருவனும் கொள்ளும் நட்பைச் சொல்லும் அவரது அம்ப யஹளுவோ என்னும் சிறுவர் நாவலைச் சிங்களப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக வாசித்து வருகின்றனர். வங்கியையும் எண்ணெயையும் கணக்கிட்ட கை, பிள்ளைகளுக்காக மாம்பழக் கதையும் எழுதியது. 1992 மே 21 ஆம் திகதி தமது 79 ஆவது வயதில் அவர் காலமானார்.

அவர் மறைந்து மூன்று தசாப்தங்களுக்கு மேலாகிவிட்டன. அவர் விட்டுச்சென்ற நிலையத்தின் அடியில் தங்கிய கசடு மட்டும் நம்மை விட்டபாடில்லை. 2020 ஜனவரி முதலாம் திகதி முதல் உலகக் கப்பல்கள் எரிக்கும் எண்ணெயில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.50 வீதத்திலிருந்து 0.50 வீதமாகக் குறைக்கப்பட்டது. இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். பழைய வரம்பில் 100 தொன் எண்ணெயை எரித்த கப்பல் ஏறக்குறைய 7 தொன் கந்தகவீரொட்சைட்டைக் காற்றில் கலந்தது. புதிய வரம்பில் அது ஒரு தொன்னாகக் குறைகிறது. துறைமுக நகரங்களிலும் கரையோரக் கிராமங்களிலும் மூச்சுவிடும் மக்களுக்கு இது சிறிய செய்தியன்று.

இந்த வரம்புக்குள் வருவதற்கு வழிகள் உண்டு. கந்தகம் குறைந்த மசகு எண்ணெயை வாங்கலாம். அதற்கு விலை அதிகம். கசடோடு தூய எண்ணெயைக் கலந்து வீதத்தைக் குறைக்கலாம். அதற்கு நல்ல டீசலைச் செலவிட வேண்டும். கப்பலின் புகைபோக்கியில் கழுவும் கருவியைப் பொருத்தலாம். பல கப்பல்களில் அந்தக் கழுவுநீர் கடலிலேயே கொட்டப்படுகிறது. நிலையான வழி, சுத்திகரிப்பு நிலையத்திலேயே கசடைத் திருத்துவதுதான். உயர் அழுத்தத்தில், வினையூக்கியின் துணையோடு, ஐதரசனைக் கசடுக்குள் செலுத்தினால் கந்தகம் ஐதரசன் சல்பைட்டாகப் பிரிந்துவிடும். அதிலிருந்து திண்மக் கந்தகத்தைப் பெற்று உர உற்பத்திக்கும் கொடுக்கலாம். கசடின் பெரிய மூலக்கூறுகளை உடைத்து டீசலாகவும் மாற்றலாம். ஆனால் கசடிலுள்ள உலோகங்கள் வினையூக்கியைக் கெடுத்துவிடுகின்றன. ஐதரசன் உற்பத்திக்கும் அழுத்தத்தைத் தாங்கும் கலன்களுக்கும் பெருமுதல் வேண்டும்.

சப்புகஸ்கந்தவில் கசடின் தடிப்பைக் குறைக்கும் அலகு உண்டு; தார் செய்யும் அலகும் உண்டு. கசடிலிருந்து கந்தகத்தை அகற்றும் அலகு 1960 களின் வடிவமைப்பில் இடம்பெறவில்லை. ஈரானின் உதவியோடு நிலையத்தை விரிவாக்குவது பற்றி 2008 அளவில் பெரிதாகப் பேசப்பட்டது. ஈரான் மீதான தடைகளும் நமது நிதி நெருக்கடியும் அந்தப் பேச்சை விழுங்கின. 2022 மே மாதத்தில் ரஷ்யாவின் இலேசான மசகு எண்ணெயைக் கொண்டு நிலையம் மீண்டும் இயங்கியது. அது நெருக்கடிக்கான தற்காலிக மருந்தே. 2025 ஜனவரியில் சீனாவின் சினோபெக் நிறுவனம் ஹம்பாந்தோட்டையில் 370 கோடி டொலர் பெறுமதியான புதிய சுத்திகரிப்பு நிலையத்தை அமைக்க உடன்படிக்கை செய்துகொண்டது. உலகின் முக்கிய கப்பற்பாதை ஹம்பாந்தோட்டைக்கு அருகால் செல்கிறது என்பதே அதன் கவர்ச்சி.

இங்கேதான் இலங்கரத்னவின் கேள்வி மீண்டும் எழுகிறது. எண்ணெய் யாருடையது என்று அவர் 1961 இல் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் தேவையானதே. ஆனால் அது மட்டும் போதாது. அடியில் தங்கும் கசடு யாருடையது என்னும் கேள்வியையும் நாம் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. அரசுடைமையாயினும் தனியாருடைமையாயினும், சீனருடையதாயினும் இந்தியருடையதாயினும், கசடைத் திருத்தாத நிலையம் அதன் பாரத்தைக் காற்றிலும் கடலிலும் இறக்கிவைக்கும். அதனைச் சுமப்பவர்கள் உடன்படிக்கை மேசையில் இடம்பெறாத கரையோர மக்களே. தூய எரிபொருளும் கடலில் சிந்தினால் நஞ்சுதான். 2020 ஜூலையில் மொரீசியஸ் கரையில் தரைதட்டிய வகாஷியோ கப்பலிலிருந்து கசிந்த ஏறத்தாழ 1,000 தொன் எண்ணெய் புதிய வரம்புக்கு உட்பட்ட எண்ணெயே. அதுவும் அங்குள்ள கண்டல் காடுகளைக் கறுப்பாக்கியது. நுரைச்சோலைக்கு நிலக்கரிக் கப்பல்கள் வந்து போகும் கடலையும், கண்டல் சூழ்ந்த களப்பையும் நம்பி வாழும் நமக்கு அந்தச் செய்தி தொலைதூரத்துச் செய்தியன்று.

ஆகவே புதிய நிலையம் எழுவதாயினும் பழைய நிலையம் விரிவாவதாயினும் மூன்று விடயங்கள் உடன்படிக்கையிலேயே எழுதப்பட வேண்டும் என நாம் கருதுகிறோம். கசடைத் திருத்தும் அலகு இல்லாமல் அனுமதி இல்லை என்பது முதலாவது. கப்பல்களுக்கு விற்கும் எண்ணெயின் கந்தக அளவு சுயாதீனமாகப் பரிசோதிக்கப்பட்டுப் பகிரங்கப்படுத்தப்பட வேண்டும் என்பது இரண்டாவது. மீனவர்களுக்கான மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும், வெளிநாட்டுக் கப்பல்களுக்கான விற்பனைக்கு முந்திய இடம் உறுதிப்படுத்தப்பட வேண்டும் என்பது மூன்றாவது. இவை பெரிய கோரிக்கைகள் அல்ல.

இலங்கரத்னவைக் குற்றமற்றவர் என்றோ கூட்டுத்தாபனத்தைக் குறையற்றது என்றோ நாம் வாதிடவில்லை. அவரது தனியுரிமைக் கொள்கை காலப்போக்கில் வீண்விரயத்துக்கும் அரசியல் நியமனங்களுக்கும் இடங்கொடுத்தது என்பாரை நாம் மறுக்கவில்லை. ஆனால் பதவி நீக்கப்பட்ட ஓர் எழுதுவினைஞர், வல்லரசின் உதவி நின்றுபோகும் என்று தெரிந்தும், எண்ணெய்க் கம்பனிகளின் கணக்கைத் திருப்பிப் பார்த்தார். அவருக்குப்பின் வந்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கணக்கின் அடிவரி வரை சென்று பார்த்தார்கள்? கனமூலைக் கரையில் வெறுங்கலனோடு நின்ற மீனவன் அந்த அடிவரியைத்தான் கேட்கிறான். அவனுக்குப் பதில் சொல்லும் பொறுப்பு, இனி எண்ணெய் உடன்படிக்கைகளில் கையெழுத்திடும் ஒவ்வொருவருக்கும் உண்டு.